கொரோனா என்று தெரிந்த பிறகும் கைக்குழந்தைக்கு ஏன் இத்தனை பரிசோதனை?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீடு வந்திருக்கிறேன். திண்டுக்கல் பக்கம் ஒரு கிராமம். ஆண் குழந்தை, மாதம் நிறைந்து சுகப்பிரசவம், பிறந்த எடை 2.9 கிலோ. 34-ஆவது நாள் ராத்திரி உடம்பு அனலாகச் சுட்டது. அக்குளில் வைத்துப் பார்த்தால் 100.8. மூக்கடைப்பு கொஞ்சம் இருந்தது, பாலும் சரியாகக் குடிக்கவில்லை. அம்மா 'சீர் அடித்திருக்கிறது, விடியட்டும்' என்று நெற்றியில் பத்துப் போட்டார். அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. அப்போதே வண்டி பிடித்து மருத்துவமனைக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள், குழாய் விட்டு சிறுநீர் எடுத்தார்கள், ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். முதுகில் நீர் எடுக்க வேண்டியிருக்கலாம் என்று சொல்லிவிட்டு, அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் மூக்குச் சளிப் பரிசோதனையில் கொரோனா பாசிடிவ் என்று வந்தது. அதற்குப் பிறகும் கல்ச்சர் ரிப்போர்ட் வரட்டும் என்று ஊசியைத் தொடர்ந்தார்கள். எல்லா ரிப்போர்ட்டும் நார்மல். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டோம். இப்போது நன்றாக இருக்கிறான். 'கொரோனா என்று தெரிந்தபின் பச்சைக் குழந்தையை ஏன் இப்படிப் பாடுபடுத்தினார்கள், பணம் பிடுங்கத்தான்' என்கிறார்கள் உறவினர்கள். அதற்கு நாலு நாள் முன்பு எனக்குச் சளி இருந்தது. நான் பால் கொடுத்துத்தான் வந்தது, நிறுத்திவிடு என்கிறார் மாமியார். பிற்காலத்தில் ஏதாவது பாதிப்பு வருமா? மறுபடி காய்ச்சல் வந்தால் என்ன செய்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். விடியும்வரை காத்திராமல் அவர் வண்டி பிடித்ததுதான் எல்லாவற்றிலும் முக்கியமான காரியம். இரண்டு மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், அது கொரோனாவோ சாதாரணச் சளியோ வேறு எதுவோ, அந்த நேரமே ஒரு மருத்துவர் பார்த்தாக வேண்டும். காரணத்தைக் கண்டுபிடிப்பது அதற்கு அடுத்த வேலை.

இரண்டு வயதுக் குழந்தைக்கு 102 டிகிரி காய்ச்சல் அடித்தாலும், அது எழுந்து விளையாடுகிறதா, தண்ணீர் கேட்கிறதா, அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று பார்த்து, ஒரு நாள் பொறுக்கலாமா என்று முடிவு செய்ய முடியும். 34 நாள் குழந்தையிடம் அப்படி எந்த அடையாளமும் கிடைக்காது. நன்றாக இருக்கும்போதும் நாளின் பெரும்பகுதி தூக்கம்தான். ரத்தத்தில் கிருமி பரவத் தொடங்கியிருந்தாலும் முதல் சில மணி நேரம் வெறும் காய்ச்சல் மட்டுமே தெரியும். சில குழந்தைகளுக்கு அதுவும் தெரியாது, உடம்பு சில்லிட்டுப் போகும். இந்த வயதில் நோய் எதிர்ப்பு வேலையில் பெரும்பங்கு தாயிடமிருந்து நஞ்சுக்கொடி வழியாக வந்த எதிர்ப்புப் பொருட்கள் செய்வது. தாயின் உடம்பு சந்தித்திராத கிருமி வந்தால் அந்தத் துணையும் குறைவு. ரத்தத்தில் நுழைந்த கிருமி மூளை உறைவரை போவதும் பெரியவர்களைவிட இவர்களிடம் சுலபம்.

இரண்டு மாதத்துக்கு உட்பட்ட, காய்ச்சலோடு வரும் குழந்தைகளை எடுத்துக்கொண்டால், தோராயமாகப் பத்தில் ஒன்றுக்கு பாக்டீரியா தொற்று இருக்கும். பெரும்பாலும் சிறுநீர்த் தொற்று. பெரியவர்களைப் போல எரிச்சல், வலி என்று குழந்தை சொல்லப்போவதில்லை. காய்ச்சல் ஒன்றுதான் அறிகுறி. பிறந்த முதல் சில மாதங்களில் இது பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கே அதிகம் வருகிறது என்பது பலருக்குத் தெரியாது. உங்கள் பையனுக்குக் குழாய் விட்டு சிறுநீர் எடுத்தது மனதுக்குக் கஷ்டமாக இருந்திருக்கும். பையை ஒட்டிப் பிடிக்கும் சிறுநீரில் தோலில் உள்ள கிருமிகளும் கலந்துவிடும். அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு, இல்லாத தொற்றுக்கு மருந்து கொடுக்க நேரும். அதனால்தான் குழாய்.

இப்போது உங்கள் முக்கியமான கேள்வி. கொரோனா என்று தெரிந்துவிட்டதே, அப்புறம் எதற்கு மற்றவை?

நீங்கள் எழுதியதையே வரிசையாகப் பாருங்கள். ரத்தம், சிறுநீர், முதல் ஊசி எல்லாம் முதல் நாள் ராத்திரி நடந்தவை. கொரோனா ரிப்போர்ட் மறுநாள் வந்தது. அந்த ராத்திரியில் டாக்டருக்கு முன்னால் இருந்தது 100.8 காய்ச்சலும் சரியாகப் பால் குடிக்காத ஒரு கைக்குழந்தையும்தான். பால் குடிப்பது குறைந்ததை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். உங்கள் டாக்டரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ரிப்போர்ட் வந்த பிறகு நிலைமை மாறுகிறது என்பது உண்மை. உங்கள் உறவினர்கள் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருப்பது இந்த இடத்தில்தான். அமெரிக்கா, கனடா மருத்துவமனைகளில் காய்ச்சலோடு வந்த 8 முதல் 60 நாள் வயதுள்ள 14,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் விவரங்களைத் திரட்டி 2023-ல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. கொரோனா இல்லாத குழந்தைகளில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்குச் சிறுநீர்த் தொற்று இருந்தது. கொரோனா இருந்தவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ரத்தத்தில் பாக்டீரியா பரவுவதும், மூளை உறைக்காய்ச்சலும் கொரோனா இருந்த குழந்தைகளில் மிக மிக அபூர்வமாகவே இருந்தன. ஆக, காய்ச்சலுக்குக் கொரோனாவே காரணம் என்று உறுதியானால் மற்ற பயம் பெருமளவு இறங்கிவிடுகிறது. எங்களுக்கு அது நிம்மதி தருகிற செய்திதான்.

ஆனால் 'பெருமளவு' என்பது 'முழுவதும்' ஆகிவிடாது. ஒரே குழந்தைக்கு வைரஸும் சிறுநீர்த் தொற்றும் சேர்ந்து இருக்கலாம். அதோடு, ஆர்டி-பிசிஆர் பரிசோதனை வைரஸின் மரபணுத் துணுக்குகளைத் தேடுவது. தொற்று குணமான பிறகும் சில வாரங்கள் அந்தத் துணுக்குகள் மூக்கில் தங்கியிருந்து பாசிடிவ் காட்டும். இரண்டு வாரம் முன்பு வந்து போன கொரோனா பாசிடிவ் காட்டிக்கொண்டிருக்க, இன்றைய காய்ச்சலுக்குக் காரணம் சிறுநீரகத்தில் ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. உங்கள் வீட்டில் நாலு நாள் முன்பு உங்களுக்கே சளி இருந்ததால் இது புதிய தொற்று என்றுதான் தோன்றுகிறது. ஆனாலும் மூக்கு ரிப்போர்ட்டை மட்டும் நம்பிச் சிறுநீர்ப் பரிசோதனையைக் கைவிட இந்த வயதில் எனக்கு மனம் வராது.

ஆன்டிபயாடிக்கைத் தொடர்ந்தது பற்றி என் கருத்தைச் சொல்கிறேன். 34 நாள் வயது, சிறுநீர் சுத்தம், ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி போன்ற அளவுகள் நார்மல், கொரோனா பாசிடிவ், குழந்தை மறுபடி நன்றாகப் பால் குடிக்க ஆரம்பித்துவிட்டது என்ற நிலையில், ஊசியை நிறுத்திவிட்டு வெறுமனே கண்காணிக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். ரத்தக் கல்ச்சரில் கிருமி வளர்கிறதா என்று தெரிய ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும்; அதுவரை ஊசியை நிறுத்த மாட்டேன் என்று சொல்கிற டாக்டர்களும் இருக்கிறார்கள். குழந்தையை நேரில் பார்த்தவர் அவர். இரண்டுமே ஏற்கத்தக்க மருத்துவம். கல்ச்சர் சுத்தமாக வந்ததும் ஊசியை நிறுத்தி, வாய்வழி மருந்துகூட எழுதாமல் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார் என்றால் அவர் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். இதைப் பணம் பிடுங்குவது என்று சொல்ல எனக்கு நியாயம் தெரியவில்லை. செலவு பாரமாக இருந்தால், பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இருக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கும் தயங்காமல் போகலாம்.

மூளை உறையில் தொற்று இருக்கிறதா என்று பார்க்க முதுகில் நீர் எடுப்பது பற்றி நீங்கள் நேராகக் கேட்கவில்லை. ஆனால் எழுத்தில் பயம் தெரிகிறது. 'முதுகில் ஊசி போட்டால் இடுப்பு விளங்காமல் போகும்' என்று எல்லா ஊரிலும் சொல்கிறார்கள். பிறந்த குழந்தைக்குத் தண்டுவடம் இடுப்பு எலும்பு வரிசையில் மூன்றாவது எலும்பு மட்டத்திலேயே முடிந்துவிடும். ஊசி போடுவது அதற்கும் கீழே, நீரில் நரம்பு இழைகள் மட்டும் மிதக்கும் இடத்தில். தண்டுவடத்தில் ஊசி படுவதில்லை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் வயதை மூன்றாகப் பிரிக்கிறது: 8 முதல் 21 நாள், 22 முதல் 28 நாள், 29 முதல் 60 நாள். முதல் பிரிவில் குழந்தை நன்றாகத் தெரிந்தாலும், வைரஸ் பாசிடிவ் என்றாலும் முதுகு நீர் உட்பட எல்லாப் பரிசோதனையும் செய்து, மருத்துவமனையில் சேர்த்து, ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொல்கிறது. உங்கள் பையன் மூன்றாவது பிரிவு. ரத்த அளவுகள் நார்மலாக இருந்ததால் முதுகு நீர் தேவைப்படவில்லை. இதே காய்ச்சல் 15-ஆம் நாளில் வந்திருந்தால் எடுத்துத்தான் ஆக வேண்டும் என்று நானும் வற்புறுத்தியிருப்பேன். இந்தப் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்கும்போது பெற்றோர் மறுப்பதால் மூளைக்காய்ச்சல் தாமதமாகத் தெரியவருவது பெரிய வேதனை. இதைப் படிக்கிற மற்ற பெற்றோரும் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் ஒன்று. பல வைரஸ்களை ஒரே சாம்பிளில் தேடும் பேனல் பரிசோதனை செய்திருந்தால், ரிப்போர்ட்டில் 229இ, ஓசி43, என்எல்63, எச்கேயூ1 என்று நான்கு கொரோனா பெயர்கள் தனித்தனியாக இருக்கும். இவை 2020-ல் உலகத்தையே முடக்கிய வைரஸ் இல்லை. காலம் காலமாக நம்மிடையே சுற்றிவரும் சளி வைரஸ்கள். என்எல்63-ஐ 2004-ல் நெதர்லாந்தில் முதன்முதலில் கண்டுபிடித்ததே ஏழு மாதக் குழந்தை ஒன்றின் சளியில்தான். கோவிட் என்றால் சார்ஸ்-கோவ்-2 என்ற வரியில் பாசிடிவ் இருக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் எந்த வரி என்று ஒருமுறை பாருங்கள். நான் மேலே சொன்ன ஆய்வுக் கணக்கு சார்ஸ்-கோவ்-2-க்கு மட்டுமே பொருந்தும்.

பால் விஷயத்துக்கு வருகிறேன். தாய்ப்பாலை நிறுத்தவே வேண்டாம். நிறுத்தியிருந்தால் இன்றே மறுபடி ஆரம்பியுங்கள். கொரோனா தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போவதாகத் தெரியவில்லை. மூச்சுக்காற்று, தும்மல், இருமல் வழியாகத்தான் போகிறது. தாய்க்குக் கொரோனா இருக்கும்போதே மாஸ்க் போட்டு, கை கழுவிவிட்டுப் பால் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் ஆரம்பத்திலிருந்தே சொல்லி வருகிறது. உங்கள் உடம்பு இந்த வைரஸுக்கு எதிராகத் தயாரிக்கும் எதிர்ப்புப் பொருட்கள் உங்கள் பாலில் வருகின்றன. மாமியார் அக்கறையில்தான் சொல்கிறார். அவரிடம் சண்டை வேண்டாம், இந்தப் பகுதியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

உங்களிடமிருந்து வந்திருக்கலாம், குழந்தை பார்க்க வந்த யாரிடமிருந்தும் வந்திருக்கலாம். அதற்காக உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் கொரோனா தடுப்பூசி கிடையாது. மாஸ்க்கும் போடக்கூடாது, மூச்சு முட்டிவிடும். அதனால் சுற்றியிருக்கும் பெரியவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். தொட்டில் போடுகிற அன்றைக்குச் சளி, இருமலோடு வருகிறவர்கள் வாசலோடு நிற்கட்டும். கன்னத்தில் முத்தம் வேண்டாம் என்று நீங்கள் சொல்லத் தயங்கினால் அப்பாவைச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொல்வார் என்று தெரிகிறது.

பிற்காலப் பாதிப்பு பற்றி: மாதம் நிறைந்து பிறந்து, இதயக் கோளாறோ நுரையீரல் கோளாறோ இல்லாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு இது ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், சில நாள் மூக்கடைப்போடு போய்விடுகிறது. உங்கள் பையனும் அப்படித்தான் தேறியிருக்கிறான். கொரோனா வந்து இரண்டு முதல் ஆறு வாரம் கழித்து உடம்பு முழுக்க அழற்சி ஏற்படும் ஒரு நோய் பெரிய குழந்தைகளிடம் பேசப்பட்டது; கைக்குழந்தைகளிடம் அது அபூர்வம். எப்படியும் இந்த வாரங்களில் காய்ச்சல் வந்தால் நீங்கள் மருத்துவமனைக்குப் போகத்தான் போகிறீர்கள். போனால் 'முன்பு கொரோனா வந்தது' என்று மறக்காமல் சொல்லுங்கள். அது போதும். மாதாமாதம் எடை ஏறுகிறதா என்று பாருங்கள். ஸ்கேன், எக்கோ என்று தேடிப் போக வேண்டாம்.

மறுபடி காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதுதான் உங்களுக்கு இனிமேல் உதவப்போகிற கேள்வி.

கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிஜிட்டல் தெர்மாமீட்டரை அக்குளில் நன்றாகப் பொருந்த வைத்துப் பாருங்கள். ஆசனவாயில் பார்க்கும்போது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்று கணக்கு. அக்குளில் அதைவிடக் குறைவாகவே காட்டும். அதனால் நம் நாட்டுச் சிசு நலப் பயிற்சிகளில், இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அக்குளில் 99.5 வந்தாலே காய்ச்சல் என்று கற்றுத் தருகிறோம். நம் ஊர் வெயிலில் துணி மேல் துணி சுற்றி, குல்லா, சாக்ஸ் எல்லாம் போட்டு வைத்திருந்தால் உடம்பு சுடத்தான் செய்யும். அப்படியிருந்தால் துணியைத் தளர்த்தி, பால் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். இறங்கவில்லை என்றால் கிளம்பிவிடுங்கள். 95.9-க்குக் கீழே போய் உடம்பு சில்லிட்டிருந்தாலும் அதே அவசரம்தான்.

காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஒரு நிமிடம் கூடத் தாமதிக்கக் கூடாத நிலைகள் உண்டு. பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, வலிப்பு, உதடு நீலமாவது, மூச்சு விடும்போது நெஞ்சுக்கூட்டின் கீழ்ப்பகுதி நன்றாக உள்ளே இழுப்பது, முனகுவது. குழந்தை அழாமல் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள். 60 அல்லது அதற்கு மேல் என்றால் மறுபடி ஒருமுறை எண்ணுங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். போகிற வழியெல்லாம் குழந்தையை நெஞ்சோடு அணைத்து வைத்திருங்கள், குடித்தால் பால் கொடுங்கள்.

டாக்டர் பார்க்கும் முன் பாராசிட்டமால் கொடுக்காதீர்கள். காய்ச்சல் இறங்கிவிட்டால் 'சரியாகிவிட்டது' என்று எல்லோரும் படுத்துவிடுவார்கள். உள்ளே தொற்று வளர்ந்துகொண்டிருக்கும். டாக்டர் எழுதித் தந்தால் எடைக்கேற்ற அளவை அந்த மருந்தோடு வரும் டிராப்பரால் மட்டுமே அளந்து கொடுங்கள். நம் கடைகளில் கிடைக்கும் பாராசிட்டமால் டிராப்ஸ் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்போ ஐந்து மில்லியில் 125 அல்லது 250 மில்லிகிராம். டிராப்ஸை சிரப் என்று நினைத்து ஒரு ஸ்பூன் ஊற்றினால் 500 மில்லிகிராம், பெரியவர்கள் விழுங்கும் ஒரு முழு மாத்திரை, அந்தச் சின்ன வயிற்றுக்குள் போய்விடும். இருமல், சளி சிரப் எதுவும் வேண்டவே வேண்டாம். 2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் நச்சு கலந்த இருமல் மருந்தால் குழந்தைகள் இறந்த பிறகு, இரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இத்தகைய மருந்துகளை எழுதக்கூடாது என்று மத்திய சுகாதாரத் துறையே டாக்டர்களுக்கு அறிவுறுத்தியது. கலப்படம் இல்லாத சிரப்பும் இந்த வயதில் நன்மை செய்வதில்லை.

மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு மருந்து போதும். பால் கொடுப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்பு மூக்குக்கு ஒன்றிரண்டு சொட்டு. இந்த வயதுக் குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். மூக்கடைத்தால் பால் குடிப்பது தானாகவே குறையும். அம்மா போட்ட பத்து நெற்றியில் மட்டும் இருந்தவரை பெரிய கெடுதல் இல்லை. வாயில் ஊதிச் சளி எடுப்பது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுப்பது, கற்பூரத் தைலம் தேய்ப்பது, உரை மருந்து, தேன், கழுதைப்பால் இவற்றை எல்லாம் தவிர்த்துவிடுங்கள். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் தசைகளைத் தளரச் செய்து மூச்சையே நிறுத்தக்கூடியது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆகிறது. சாம்பிராணிப் புகையும் குளித்த பின் குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம். அம்மாவிடம் கனிவாகச் சொல்லுங்கள், அவர் காலத்தில் டாக்டர் பக்கத்தில் இல்லாததால் அந்த வழக்கங்கள்தான் கையில் இருந்தன.

அடுத்து ஆறாவது வாரத் தடுப்பூசி. காய்ச்சல் விட்டு, பையன் நன்றாகப் பால் குடித்துக்கொண்டிருந்தால் கொரோனா வந்ததற்காகத் தள்ளிப்போட வேண்டியதில்லை. பென்டாவேலன்ட், போலியோ, ரோட்டா, நிமோகாக்கல் எல்லாம் உரிய நாளில் போடுங்கள். ஆன்டிபயாடிக் ஊசி போட்டதையும் செவிலியரிடம் சொல்லுங்கள், அதனால் தடை எதுவும் இல்லை. பென்டாவேலன்ட் போட்ட அன்றோ மறுநாளோ லேசாகக் காய்ச்சல் வருவது சகஜம். பையனுக்கு அப்போதும் இரண்டு மாதம் ஆகியிருக்காது என்பதால், ஊசிக் காய்ச்சல் என்று நீங்களே முடிவுகட்டாமல் போட்ட இடத்துக்கோ உங்கள் டாக்டருக்கோ போன் செய்து, எத்தனை டிகிரி, எப்படிப் பால் குடிக்கிறான் என்று சொல்லிக் கேளுங்கள். இரண்டு நாளைத் தாண்டியும் காய்ச்சல் இருந்தாலோ, பால் குடிப்பது குறைந்தாலோ போன் போதாது, நேரில் காட்டுங்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் கல்ச்சர் ரிப்போர்ட்டையும் தடுப்பூசி அட்டையோடு சேர்த்து வையுங்கள். கணவர் வீட்டுக்குத் திரும்பும்போது அங்கே பார்க்கப்போகும் டாக்டருக்கு அவை தேவைப்படும்.